தோளின் பின்பக்கமும் உன்னுடையதுதான்

சத்தியவேடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் பவன்குமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் உன் தங்கை காவ்யாவும் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் நாற்பது நாளாக உன் வலது கை தோளுக்கு மேலே போகவில்லை என்பது போன புதன்கிழமைதான் எனக்குத் தெரிந்தது, அதுவும் நீ சொல்லி இல்லை. தோஹாவில் உன்னோடு ஒரே அறையில் இருக்கும் சுனில் லீவில் வந்தவன் நம் வீட்டில் காபி குடித்துக்கொண்டே, பவனுக்கு இப்பல்லாம் நான்தாம்மா சட்டை மாட்டி விடறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். அப்புறம் நான் விடவில்லை. ஜிம்மில் யாரோ பந்தயம் கட்டினான் என்று நூறு கிலோ கம்பியை மார்பின் மேல் வைத்துத் தூக்கினாயாம், தோளில் சுரீர் என்றதாம், அதன் பிறகும் வலி மாத்திரை போட்டுக்கொண்டு குடோனில் இடது கையாலேயே பெட்டி இறக்குகிறாயாம். அதோடு விட்டாயா, அந்தக் கையோடு இன்னும் ஜிம்முக்கும் போகிறாய் என்றான். வாரா வாரம் போனில் நல்லா இருக்கேம்மா நல்லா இருக்கேம்மா என்று என்னிடம் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது?

தோள் வலி என்ன என்று எனக்குத் தெரியாதா பவன்? ஸ்ரீ சிட்டி கம்பெனியில் ஆறு வருஷமாக லைனில் உட்கார்ந்து, கை இரண்டையும் முன்னால் நீட்டி, கடுகு அளவு ஸ்குரூ முடுக்குகிறவள் நான். போன வருஷம் ஒரு நாள் தட்டைத் தூக்கும்போது தோள் பிடித்துக்கொண்டு தட்டு கீழே போய், நூறு சாமானும் சிதறி, லைனே நின்றது. சூப்பர்வைசர் என்னை பேக்கிங்குக்கு மாற்றி, மூன்று மாதத்தில் கை சரியாகவில்லை என்றால் யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது அழுதேன், அதை இப்போதுதான் உனக்குச் சொல்கிறேன். திருப்பதியில் பிசியோதெரபி பார்க்கிற பிரமிளாவிடம் போனேன். முன்பக்கத் தசை இறுகி தோளை முன்னால் இழுக்கிறது, பின்பக்கத் தசை வேலையே செய்யாமல் கிடக்கிறது, அதைத் தட்டி எழுப்ப வேண்டும் என்று சொல்லி அந்தப் பெண் பயிற்சி கற்றுக்கொடுத்தது. அதை உனக்கு எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன். தண்ணி பாட்டில் தூக்கறதெல்லாம் ஒரு எக்சர்சைஸாம்மா என்று சிரித்தாய். சரி, பெரிய ஜிம்முக்குப் போகிற பையன், நமக்கென்ன தெரியும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்தத் தண்ணி பாட்டிலை வைத்துத்தான் மூன்று மாதம் முடிவதற்குள் திரும்பவும் லைனில் போய் உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு வீக் ஆஃப். துணி துவைக்காமல் போட்டுவிட்டு பஸ் பிடித்து மறுபடியும் பிரமிளாவிடம் போனேன். நீ சட்டை இல்லாமல் எடுத்துப் போடுகிற போட்டோவை எல்லாம் போனில் காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்து, உங்க பையன் சினிமாவிலா இருக்கிறான் என்று தெலுங்கில் கேட்டாள், எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிரமிளா சிரிக்கவில்லை. நீ பக்கவாட்டில் நிற்கிற படத்தைப் பெரிசு பண்ணி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "முன்னாடி இவ்ளோ இழுக்குது, பின்னாடி புடிச்சி நிறுத்த ஒண்ணுமே இல்லயேக்கா" என்றாள். இருபது படத்தில் ஒன்றிலாவது முதுகு இருக்கிறதா என்று தேடினோம், இல்லை. கண்ணாடியில் தெரிகிற பக்கத்தை மட்டும் வளர்த்திருக்கிறாய்.

இப்போது கவனமாகப் படி. முதலில் டாக்டர், அப்புறம்தான் பயிற்சி. உள்ளே தசைநார் கிழிந்திருந்தால் எதைச் செய்தாலும் இன்னும் கிழியும் என்று பிரமிளா இரண்டு தடவை சொன்னாள். கம்பெனி கொடுத்த ஆஸ்பத்திரி கார்டு எதற்கு இருக்கிறது, ஸ்கேன் எடு. டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, சுனில் கையில் கொடுத்தனுப்பும் ரப்பர் பட்டையை நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையை ரொம்ப மடக்காமல், பட்டை நெஞ்சைத் தொடும்வரை பக்கவாட்டில் இழு. திரும்ப விடும்போது மெதுவாக விடு, படாரென்று விட்டால் செய்ததே வீண். அப்புறம் அதையே ஜன்னல் கம்பியில் முகத்துக்கு நேரே கட்டி, முழங்கை தோள் உயரத்தில் இருக்கும்படி முகத்தை நோக்கி இழு, முதுகில் தோள்பட்டை எலும்பு இரண்டும் ஒன்றையொன்று நெருங்க வேண்டும். இது பழகின பிறகு இடுப்பை மடக்கிக் குனிந்து, முதுகு வளையாமல், அரை லிட்டர் பாட்டிலைக் கைக்கு ஒன்றாகப் பிடித்து பறவை இறக்கை விரிக்கிற மாதிரி பக்கவாட்டில் தூக்கு. தோள் காதுப் பக்கம் ஏறினால் கழுத்துதான் வேலை செய்கிறது என்று அர்த்தம், நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பி. பதினைந்து தடவை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பாட்டிலுக்குப் பதிலாகப் பத்து கிலோவை எடுத்தாய் என்று சுனில் சொன்னால் அப்புறம் நான் உன்னோடு பேசவே மாட்டேன். கனம் ஏறினால் ஆட்டி ஆட்டித்தான் தூக்குவாய், பின்தோள் சும்மா இருக்கும், வலிதான் மிச்சம். மார்புக்கு ஒரு நாள் என்றால் முதுகுக்கும் பின்தோளுக்கும் இரண்டு நாள் கொடுக்கச் சொன்னாள். பந்தயம் கட்டினவனிடம் அம்மா திட்டினாள் என்றே சொல், எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

இன்னொரு விஷயம். எனக்குத் தெரிந்துவிட்டது என்று சுனில் உனக்கு போன் பண்ணினதும், நைனாகிட்ட மட்டும் சொல்லாதம்மா என்று அவனிடமே சொல்லி அனுப்பியிருக்கிறாய். மாந்தோப்பை விட்டுவிட்டு ஊரான் பெட்டி தூக்கப் போகிறான் என்று நீ கிளம்பும்போது அவர் கத்தியதை இன்னும் மனசில் வைத்துக்கொண்டு, குத்திக் காட்டுவார் என்று பயப்படுகிறாய். நேற்றுச் சாயங்காலம் நான் சொல்லிவிட்டேன். எனக்கும் பயம்தான். துன்னுகினு இருந்த தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்து போனார். மோட்டார் ரூம் பக்கம் போய் அரை மணி நேரம் வரவில்லை. வந்ததும், எந்தக் கை என்று கேட்டார். வலது என்றேன். "சோத்த எப்டி துன்றான்" என்றார். பாயை விரித்துக்கொண்டே, "டாக்டர் ஓய்வு எடுக்கணும்னா வூட்டுக்கு வந்துடச் சொல்லு. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னதும் அவர்தான். போனில் சொன்னால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவான், எழுதி சுனில் கையில் கொடு, படித்துதான் ஆக வேண்டும் என்றார்.

மலைமேல் இருக்கிறவர் உன் கைக்கும் உன் புத்திக்கும் துணையாக இருக்கட்டும். மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காவ்யா போனுக்கு அனுப்பு, என்ன வந்தாலும் மறைக்காமல் அனுப்பு. நைனா அதைத் தானே கொண்டுபோய் பிரமிளாவிடம் காட்டப் போகிறாராம்.

இப்படிக்கு,
உன் மேல் ரொம்பக் கோபமாக இருக்கும் அம்மா,
தங்கவேலு அம்சவேணி