இரண்டு முனையிலும் எங்கள் பெட்டி

ஜூலை 9, புதன்

லைன் உயிரோடு இருக்கிறதா என்று இரண்டு நெட்வொர்க் பெட்டிகளும் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். மூன்று சேதி தவறினால் லைன் போய்விட்டது என்று அர்த்தம். எத்தனை நொடிக்கு ஒரு சேதி என்பதை எந்தப் பெட்டி முடிவுசெய்யும் என்று எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதிமுறையில் தெளிவாக இல்லை. அதை எழுதிய குழுவிடமே விளக்கம் கேட்கலாம் என்று மீட்டிங்கில் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்து நானாக வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

"டெஸ்ட் பாஸாகுதுல்ல? அப்புறம் எதுக்கும்மா ஊரைக் கூட்டுற?" என்றார் டீம் லீட் சுந்தர் அண்ணா.

பாஸாகாமல் என்ன செய்யும்? எங்கள் லேபில் இரண்டு முனையிலும் எங்கள் கம்பெனிப் பெட்டிதான். நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தாலும் இரண்டும் ஒரே தப்பைச் செய்து ஒத்துப்போகும். அடுத்த வாரம் எங்கள் பெட்டி போகிற மருத்துவமனையில் மறுமுனையில் வேறு கம்பெனிப் பெட்டி. அதையும் சொன்னேன்.

"விளக்கம் வர மூணு மாசம் ஆகும். ஆஸ்பத்திரிக்காரன் காத்திருப்பானா? போடும்மா." சிங்காரா என்கிற இந்த ஊர்ச் சமோசாவைத் தின்ற எண்ணெய் விரலால் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துக்கான இடத்தைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த எண்ணெய்க் கறை மேலேயே போட்டேன்.

ராத்திரி ஊரிலிருந்து அப்பா போனில், "இன்னைக்கு என்னம்மா வேலை?" என்றார்.

"ஒரு ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டேம்ப்பா."

அம்மாவைக் கூப்பிட்டார். "கேட்டியா, எம்பொண்ணு கையெழுத்துப் போட்டாத்தான் அங்க வேலையே நடக்குதாம்!"