திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்ன ‘ஆமா’

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டியும் நலமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். என் கால் புண் ஆறிக்கொண்டு வருகிறது. சர்க்கரையும் இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறதாம், கேட்காதது நான் ஒருத்திதான் என்று உன் அப்பா சொல்கிறார். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அவர் சமையலறையை ஆண்ட லட்சணத்தை எழுதினால் தனிப் புராணம் ஆகிவிடும். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பேப்பரில் மூழ்கி, பாத்திரத்தின் அடியைக் கரியாக்கி, அதைத் துணியில் சுற்றிப் பரணில் ஒளித்து வைத்திருந்தார். நான் கண்டுபிடிக்காமல் இருப்பேனா? சின்னக்குட்டிக்குச் சளி என்றாயே, இப்போது எப்படி இருக்கிறது? குளித்த தலையை நன்றாகத் துவட்டிவிடு, அவள் ஓடினாலும் விடாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிற நர்ஸ் தான் மட்டும் காய்ந்து கிடக்கலாம் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் “சரிம்மா, விடு” என்பாய், நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். காகிதம் அப்படிச் சொல்லாது. நான் வீடு திரும்பிய அன்று உன்னிடம் ஒரு கதை சொன்னேன், நினைவிருக்கும். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு ஒரு கவனமில்லாத நர்ஸ் என் ஊசியைப் போட்டுவிட்டாள், நான்தான் பார்த்துக் கத்தி ஆளைக் காப்பாற்றினேன் என்று. அதற்கு நீ, “நல்லவேளை, நீ அங்க இருந்தேம்மா” என்றாய். கண்ணு, அந்தப் பாராட்டு அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. நான் சொன்னதில் பொய் கொஞ்சம்தான், ஆனால் சொல்லாமல் விட்டது நிறைய. நான் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் அந்த அம்மாவுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. இதை எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன், முழுக்கப் படி.

என் கட்டில் சுவர் ஓரம். அடுத்த கட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே, நடுவில் ஒரு துணித் திரை. அந்தக் கட்டிலில் இருந்தவர் தையல்காரம்மா, வயிற்று வலி என்று வந்திருந்தார். வாயில்லாப் பூச்சி. தண்ணீர் வேண்டும் என்றால்கூட நாலு பேர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்பார். நான் எப்படி இருந்திருப்பேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வந்த மறுநாளே வார்டுக்கு நான் டீச்சரம்மா ஆகிவிட்டேன். யாருடைய மருந்து என்ன நிறம், யார் வீட்டிலிருந்து யார் வரவில்லை, எல்லாம் எனக்குத் தெரியும். அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் பெண் ஒருத்தி இருந்தாள். புதுப்பொண்ணு என்று நான் வைத்த பேரே எல்லோர் வாயிலும் நின்றுவிட்டது. அவள் ஒவ்வொரு முறை மாத்திரை கொண்டு வரும்போதும் ஊசி கொண்டு வரும்போதும் என் முகத்தைப் பார்த்து, உங்கள் பேரைச் சொல்லுங்கள், பிறந்த தேதியைச் சொல்லுங்கள் என்று கேட்பாள். நீயும் இதை எனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறாய், கேட்டால் வாயைத் திறந்து சொல்லு, சும்மா தலையாட்டாதே என்று. எனக்கோ அது எரிச்சலாக இருந்தது. ஊசி மாறிப்போன அன்று காலையில் உன் அப்பா மாற்றுத்துணி கொண்டு வந்து நின்றுகொண்டிருந்தார், பார்ப்பதற்கு ஆள் இருக்கிறது என்றதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. “ஏம்மா, நேத்து சொன்ன பேரு இன்னிக்கு மாறிப் போயிருக்குமா? ஒரு வகுப்புப் பிள்ளைங்க பேரை ஒரே மூச்சுல சொல்லுவேன் நான். உனக்கு ஒரு கிழவி பேரு மனசுல நிக்க மாட்டேங்குதா?” என்றேன். வார்டே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை, காது மடல்தான் சிவந்தது. உன் அப்பா சிரிக்கவில்லை. அப்போது அதை நான் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். தையல்காரம்மாவுக்கு விசிறிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை, போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். என் கட்டிலுக்கு வாருங்கள், நான் அங்கே படுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார், நர்ஸைக் கேட்டுவிட்டு மாறலாமே என்றார். கட்டில் மாறுவதற்கெல்லாம் உத்தரவா என்று நான்தான் அவர் தலையணையை எடுத்து என் கட்டிலில் போட்டேன். மனிதர்கள் மாறினோம், தலைமாட்டில் தொங்கிய அட்டைகள் மாறவில்லை. என் பேரும் என் இன்சுலினும் எழுதிய அட்டைக்குக் கீழே அவர், தலையோடு கால் இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மதியம் வயிற்றில் ஏதோ சோதனை என்று காலையிலிருந்து அவருக்குச் சாப்பாடும் இல்லை. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் புதுப்பொண்ணு ஊசியோடு வந்தாள். அட்டையைப் பார்த்திருப்பாள். போர்த்தியிருந்த உருவத்தைப் பார்த்து, “டீச்சரம்மாதானே? ஊசி போடலாமா?” என்றாள். பேரைக் கேட்கவில்லை, தேதியைக் கேட்கவில்லை. காலையில் வாங்கிய அடி அப்படி. நான் திரைக்கு இந்தப் பக்கம் கண்ணை மூடிக் கிடந்தேன். தூங்கவில்லை. குரல் கேட்டது, எனக்குத்தான் போட வருகிறாள் என்று நினைத்து, கண்ணைத் திறக்காமலே, “ஆமா ஆமா, போடு” என்றேன். போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு ஊசி வரவில்லையே என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அப்போதும் என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? மறந்துவிட்டாள், வரட்டும், வைத்துக்கொள்கிறேன் கச்சேரியை என்று போயிற்று. அதற்குள் திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் கடகடவென்று ஆடுகிற சத்தம். திரையை விலக்கிப் பார்த்தால் தையல்காரம்மாவுக்கு வியர்வை ஊற்றுகிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. சர்க்கரை இறங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா, பட்டவள் ஆயிற்றே. ஊசி போட்டாங்களா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை அசைத்தார். கத்தினேன். ஓடி வந்தார்கள், கையில் குத்திக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அதற்குள் அவருக்குக் கண் சொருகிவிட்டது. செய்தி கேட்டு வந்த அவர் வீட்டுக்காரர் யாரையும் திட்டவில்லை, சத்தம் போடவில்லை. மனைவியின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே நின்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். தையல்காரம்மா கண் விழித்ததும் முதலில் கேட்டது மிஷினில் பாதியில் கிடக்கும் சட்டையைப் பற்றி. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. பிறகு நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு ஊசியே கிடையாதே, எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்றேன். அதற்கு அவர் மெதுவாகச் சொன்னார், “காலைலதான் பேரு கேட்டதுக்கு நீங்க அந்தப் புள்ளைய அவ்வளவு சொன்னீங்க. நானும் ஏதாவது கேட்டா அது இன்னும் நொந்துபோகுமேன்னு இருந்துட்டேம்மா.” கேட்க வேண்டிய இரண்டு வாயையும் என் ஒரு வாய் அடைத்துவிட்டது, பார்த்தாயா.

இதோடு நின்றிருந்தால்கூடத் தெரியாமல் நடந்தது என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். தெரிந்தே செய்தது அதற்குப் பிறகுதான். தலைமை நர்ஸ் வந்து எல்லோரையும் விசாரித்தார். கட்டில் எப்படி மாறியது என்று என்னைக் கேட்டார். அந்தம்மாவுக்குக் குளிராக இருந்தது, மாறிக்கொண்டோம் என்றேன், ஏதோ அவர் கேட்டு நான் கொடுத்த மாதிரி. ஊசி போடும்போது நீங்கள் ஏதாவது சொன்னீர்களா என்றார். “நான் தூங்கிட்டிருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றேன். சொல்லும்போது நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம். புதுப்பொண்ணு ஒரு தடவை என்னைப் பார்த்தாள். என் குரலை அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது, “நான் பேர் கேக்கல. போர்வைய விலக்கி முகத்தப் பாக்கல. என் தப்புதான்” என்பது மட்டும். விசாரணை முடிகிற வரைக்கும் அவள் வார்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேலையே போனாலும் போகும் என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, பாவம் முழுக்கப் போர்த்திக்கொண்டு நான் படுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து உன்னிடம் போனில் பெருமை பேசி முடித்தேனா, உன் அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அன்று காலையில் அந்தப் பெண்ணை நான் கேலி செய்ததையும் உன்னிடம் சொன்னேனா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. முதலில் எரிந்து விழுந்தேன், பிறகு அழுதேன், பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புத்திமதி சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார், “உன் கிளாஸ்ல ஒருத்தனுக்காக இன்னொருத்தன் ‘உள்ளேன்’னு குரல் குடுத்தா என்ன பண்ணுவே?” நான் வெளியே நிற்க வைப்பேன் என்றேன். “இப்ப வெளிய நிக்கிறது யாரு?” என்றார். அவ்வளவுதான். பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். எத்தனை பிள்ளைகளைப் பள்ளிக்கூட வராந்தாவில் நிற்க வைத்திருக்கிறேன், ஒருத்தனுக்காகவாவது மனம் இளகியிருக்கிறேனா?

மறுநாளே நொண்டி நொண்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன் அப்பா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். விசாரணை நடக்கிற சின்ன அறையில் பெரிய டாக்டர், தலைமை நர்ஸ், ஓரத்து நாற்காலியில் அந்தப் பெண். யாரால் நடந்தது என்று கேட்பதற்கு இந்தக் கூட்டம் இல்லை, எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் இன்னொருவருக்கு நடக்காமல் தடுக்கலாம் என்றார் டாக்டர். நான் உட்காரவில்லை. காலையில் கேலி செய்தது, தலையணையைத் தூக்கிப் போட்டது, கண்ணை மூடிக்கொண்டு ‘போடு’ என்றது, பிறகு தூங்கினேன் என்று புளுகியது, எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்தேன். முடித்துவிட்டு அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னை மன்னித்துக் கட்டிக்கொண்டாள் என்று எழுத ஆசைதான், அப்படி நடக்கவில்லை. “நீங்க கேலி பண்ணீங்கன்னு நான் கேக்காம விட்டது சரியாயிடாதும்மா. கேக்கறதுதான் என் வேலை” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

அவளுக்கு வேலை போகவில்லை. கொஞ்ச காலம் மூத்த நர்ஸ் ஒருத்தர் கூடவே இருப்பாராம். இப்போது கட்டிலில் தொங்கும் அட்டையை நம்பி ஊசி இல்லை, எல்லோர் மணிக்கட்டிலும் பேர் எழுதிய பட்டை. போர்வையை விலக்கி முகத்தைப் பார்க்காமல் எதுவும் கொடுக்கக் கூடாதாம். இது என்ன மருந்து, எதற்கு என்று நோயாளியே கேட்கலாம், கேட்க வேண்டும் என்று சேரும்போதே சொல்லிவிடுகிறார்கள். தையல்காரம்மாவை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், தேறிவிட்டார். நான் நடந்ததைச் சொல்லி அழுதால், கட்டில் மாற்றிக் கொடுத்தது நல்ல மனதுதானே என்று எனக்கே சமாதானம் சொல்கிறார். உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று புண்ணுக்குக் கட்டு மாற்றப் போனேன். உள்ளே அந்தப் பெண் இருந்தாள். என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. முகத்தைப் பார்த்து, உங்கள் பேரைச் சொல்லுங்கள், பிறந்த தேதியைச் சொல்லுங்கள் என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனாலும் கேட்டாள். நான் எழுந்து நின்று சொன்னேன். உட்காருங்கள், கால் வலிக்கும் என்றாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை எழுதாமல் முடித்தால் எழுதியதெல்லாம் வீண். நீ அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் போனில் அழுதாய். பேர் கேட்டதற்கு ஒரு வயதான அம்மாள் எல்லோர் முன்னாலும் உன்னைக் கேலி செய்து சிரித்தாள், இனிமேல் அவளிடம் கேட்கவே பயமாக இருக்கிறது என்றாய். பெற்றவள் இல்லையா, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளெல்லாம் ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்திருப்பாளா, அவள் வாய் அழுகிப் போக என்று திட்டினேன். நீதான் அம்மா, அப்படிச் சொல்லாதே என்றாய். அந்த வாய் எது என்று இப்போது தெரிந்துவிட்டது கண்ணு.

நீயும் உன் குடும்பமும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். உன் கை தொட்டவர்கள் எல்லோரும் நடந்து வீட்டுக்குப் போக வேண்டும். சின்னக்குட்டிக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. ஒன்றை மட்டும் மறக்காதே, யார் எரிந்து விழுந்தாலும், யார் சிரித்தாலும், பேரைக் கேட்காமல் மருந்தைக் கொடுக்காதே. அப்படி ஒருத்தி உன்னைப் பார்த்துச் சிரித்தால், அவள் உன் அம்மா என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு தடவை கேள்.

இப்படிக்கு,
வராந்தாவில் நிற்கும்
உன் அம்மா