எதை அழுத்த?

பிப்ரவரி 3, திங்கள்

பார்வை போன பிறகு கிடைத்த முதல் வேலை. இன்னும் தற்காலிகம்தான். ஒரு மருத்துவமனைக்காக எங்கள் நிறுவனம் முன்பதிவு இணையதளம் செய்கிறது. திரையில் இருப்பதைக் கணினி வாசிக்க, நான் காதால் கேட்டு, எங்கே தடுக்குகிறது என்று சொல்ல வேண்டும். இன்று தேதி தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் போய் முட்டிக்கொண்டேன். நாட்காட்டி வாயே திறக்கவில்லை. கூட்டத்தில் அப்படியே சொன்னேன். அந்தப் பக்கத்தைச் செய்தது சின்னவர் என்று பிறகுதான் தெரிந்தது. என் கணவரின் தம்பி. இந்த வேலைக்கு என்னைச் சிபாரிசு செய்தவரும் அவரேதான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

சின்னவர் எங்களோடுதான் இருக்கிறார். சாப்பிடும்போது தட்டைத் தள்ளும் சத்தம் கேட்டது.

"அண்ணி, வீட்டுல என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கணுமா?"

"உங்க பக்கத்தைத்தான் குறை சொன்னேன் தம்பி, உங்களையில்ல."

"ரெண்டும் ஒண்ணுதான்."

இவர், என் கணவர், அவசரமாகத் தண்ணீர் கேட்டார். தாகமே எடுக்காத மனுஷன்.

பிப்ரவரி 7, வெள்ளி

நாட்காட்டி இப்போது தேதியைச் சொல்கிறது, காலி நேரத்தைச் சொல்கிறது. அருமையாகச் செய்திருக்கிறார். பாராட்டினேன். "ம்" என்றார்.

ஆனால் கடைசிப் பக்கம்? முன்பதிவை உறுதி செய்ய ஒன்று, ரத்து செய்ய ஒன்று. பார்ப்பவர்களுக்குப் பச்சை, சிவப்பாம். எனக்கு? "பொத்தான்." "பொத்தான்." அவ்வளவுதான் வாசிக்கிறது. எதை அழுத்த?

பிப்ரவரி 11, செவ்வாய்

மேலாளர் தனியாகக் கூப்பிட்டார். குரலில் தேன்.

"வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்காரங்க வர்றாங்க. பார்வையில்லாதவங்க சோதிச்சுப் பார்த்தாச்சு, எல்லாம் சரியா இருக்குன்னு ஒரு சான்றிதழ் கேக்கறாங்க. நீங்க கையெழுத்துப் போட்டுட்டா, வேலையை நிரந்தரமாக்க நானே மேல பேசறேன்."

"கடைசிப் பக்கம் மேடம் —"

"அதெல்லாம் சைட்டைத் திறந்த பிறகு பார்த்துக்கலாம்."

என் விரலைப் பிடித்துக் கையெழுத்துப் போடும் இடத்தில் வைத்தார். கேட்காமலே. எனக்குச் சுருக்கென்றது. நாளை சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

போடவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

"அந்தப் பொத்தான் வெளியில வாங்கினது அண்ணி. அதைத் தொட்டா பத்து இடத்துல புட்டுக்கும். நாளைக்குள்ள முடியாது. உங்களுக்காக எத்தனை பேர்கிட்ட பேசினேன் தெரியுமா?"

தெரியும். அதுதானே தொண்டையில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. இவர் எந்தப் பக்கமும் சாயாமல் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் செய்வது நேர்மையா, வெறும் பிடிவாதமா? இது போனால் இன்னொரு இடத்தில் எடுப்பார்களா?

பிப்ரவரி 14, வெள்ளி

டயாலிசிஸ் பிரிவின் தலைமைச் செவிலியர் வந்திருந்தார். மேலாளர் சான்றிதழ் பேச்சையே எடுக்கவில்லை. "இவங்கதான் சோதிச்சாங்க" என்று என்னைக் காட்டினார். அந்தம்மா விடவில்லை.

"அப்படியா? எனக்கு ஒருதரம் செஞ்சு காட்டுங்களேன்மா."

மேலாளர் என் காதருகே வந்தார். "தேதி வரைக்கும் போதும். அதோட நிறுத்திக்குங்க."

தேதி வரை தங்குதடையில்லாமல் போனது. நிறுத்தியிருக்கலாம். இங்கே நிறுத்தினால் அதுவும் கையெழுத்துப் போட்ட மாதிரிதானே? அடுத்த பக்கத்துக்குப் போனேன். ஒலியைக் கூட்டினேன்.

"பொத்தான்." "பொத்தான்."

"இதுல எது உறுதி செய்யறதுன்னு எனக்குத் தெரியாது சிஸ்டர்" என்றேன். குத்துமதிப்பாக ஒன்றை அழுத்தினேன்.

"உங்கள் முன்பதிவு ரத்து செய்யப்பட்டது."

செவிலியர்தான் பேசினார். "எங்ககிட்ட வர்ற நிறையப் பேருக்கு சுகர். கண்ணு மங்கிப்போனவங்க. ஒரு டயாலிசிஸ் தவறிப்போனா என்ன ஆகும்னு இங்க யாருக்காவது தெரியுமா?"

சின்னவரின் நாற்காலி பின்னால் நகர்ந்தது. கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

பிப்ரவரி 15, சனி

ஆபீஸிலிருந்து போன். சொல்கிற வரைக்கும் வர வேண்டாமாம். போச்சு. எல்லாம் போச்சு. ஏன்டி, உனக்கு எதுக்கு இந்த வேலை? வாயை மூடிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல?

சின்னவர் நண்பர் வீட்டில் தங்கிவிட்டார். இவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ நிறுத்தாம போனதுதான் சரி" என்றார். ஒருவழியாக வாயைத் திறந்தார்.

பிப்ரவரி 24, திங்கள்

கூப்பிட்டுவிட்டார்கள். இணையதளத் திறப்பை மருத்துவமனை தள்ளிவைத்துவிட்டது. நான் சோதித்து முடிக்காமல் வாங்கிக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். நிரந்தரம் பற்றி மூச்சு இல்லை. மேலாளர் குரலில் தேனும் இல்லை. இருக்கட்டும்.

சின்னவர் வீடு திரும்பிவிட்டார். என்னோடு பேச்சு மட்டும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

சின்னவர் கணினியைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். வெளியில் வாங்கியதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பொத்தான்களைத் தானே எழுதியிருக்கிறார். ஒன்றுக்கு "சரி" என்று பெயர்.

"சரின்னா எது சரி? வர்றது சரியா, வராதது சரியா?"

"ஐயோ அண்ணி, இதுலயுமா?"

சண்டை போட்டோம். வாய் வலிக்கிற அளவுக்கு. கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார்.

பிறகு நான் இன்னும் கேட்காத வேறொரு பக்கத்தைத் திறந்தார். ஒலிபெருக்கியை மேசையில் நகர்த்தி என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"கேட்டுட்டுச் சொல்லுங்க அண்ணி" என்றார்.