மணி அடித்தும் எழாதவர்கள்

ஏப்ரல் 4, செவ்வாய்

வெயில் கொடுமை. ஆற்றில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. காலை முழுக்க ஏணி மேல். ஆலையில் தீ மணிக்குக் கம்பி இழுத்து முடித்தாயிற்று. கூரையடியில் வரிசையாகத் தகடுகள். சூடேறினால் தகடு வளைந்து ஆணியைத் தொடும். தொட்டதும் வாசல் மணி தானே அடிக்கும். பந்தம் கொளுத்திக் காட்டினேன். அடித்தது. காதைக் கிழிக்கும் சத்தம். தந்தி ஆபீஸில் கம்பியோடு மல்லுக்கட்டியது வீண் போகவில்லை.

மேனேஜர் சங்கரலிங்கத்துக்கு (இனி மே.) பிடிக்கவில்லை. "இன்ஷூரன்ஸ்காரன் கேட்டான்னு முதலாளி மாட்டச் சொல்லிட்டாரு. எனக்கு இது எதுக்குவே?"

வாங்க வேண்டியவை: பாட்டரி ஜாடிக்கு நவச்சாரம், மெழுகு, வீட்டில் மனைவி எஸ்தருக்குத் தலைவலித் தைலம்.

பஞ்சு பொறுக்கும் பெண்கள் கூடத்துக்கு வெளித் தாழ்ப்பாள், பூட்டு. பஞ்சைச் சேலையில் ஒளித்துக்கொண்டு போகிறார்களாம். சாவி மே. இடுப்பில். தீப்பிடித்தால்? "அதுக்குத்தான் உம்ம மணி இருக்குல்லா" என்றார்.

5, புதன்

உச்சி வெயிலில் தகரக் கூரை கொதித்து மணி அடித்துவிட்டது. தீ இல்லை. உள்ளே பெண்கள் கதவில் மோதிக் குவிந்துவிட்டார்கள். மே. வந்து திறந்தபோது முன்னால் நின்ற பேச்சி கீழே, அவள் மேல் மற்றவர்கள். வலது கை முறிந்து தொங்கியது.

மே. இயந்திரத்தின் தோல் வார்த்துண்டை எடுத்து விளாசினார். முதுகு, முகம், எது கிடைத்ததோ அது. "மணி அடிச்சா ஓடிருவியளோ? இனி நான் சொல்லாம எவளாவது எந்திரிச்சா தோலை உரிச்சிருவேன்!"

பேச்சியின் தங்கை இசக்கி மட்டும் அழவில்லை. நெற்றியில் ரத்தம். திரும்பப் போய் உட்கார்ந்து பஞ்சை எடுத்தாள்.

6, வியாழன்

கூரைக்கும் தகடுகளுக்கும் நடுவே பலகை கொடுத்தேன். இனி வெயிலுக்கு அடிக்காது.

மே.யிடம் போனேன். "இனி நெசமாவே தீயின்னாத்தான் அடிக்கும். எந்திரிக்கலாம்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க அண்ணாச்சி."

வார்த்துண்டு என் வாயில் விழுந்தது. கீழ்ப்பல் ஒன்று போயிற்று. காவல்காரன் மாடசாமி பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். "கொப்புளிங்க சார். வேலையப் பாருங்க."

கஞ்சி மட்டும். எஸ்தரிடம் ஏணியிலிருந்து விழுந்தேன் என்றேன். நம்பவில்லை.

10, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் காற்று. பருத்தி அரைவை இயந்திரத்தில் பொறி பறந்து பஞ்சில் பிடித்தது. மணி அடித்தது. சரியாக அடித்தது. ஆண்கள் வெளியே ஓடினார்கள். பெண்கள் கூடத்தில் ஒருத்தியும் எழவில்லை.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கத்தினேன். "எந்திரிங்க! தீ!" தலையைக் குனிந்து பஞ்சு பொறுக்கிக்கொண்டே இருந்தார்கள். மூலையில் புகை வந்துவிட்டது. இசக்கிதான் பதில் சொன்னாள்: "அவரு சொல்லலியே சார்."

மாடசாமி கடப்பாரையால் பூட்டை உடைத்தான். அதற்குள் சுவர் ஓரப் பொதிகள் பற்றிக்கொண்டன. அப்போதுதான் ஓட்டம். ஒருத்திக்குத் தலைமயிர் எரிந்தது. ஒருத்தி தீப்பற்றிய சேலையை உருவிப் போட்டுவிட்டு வந்தாள். இழுத்து இழுத்து வெளியே தள்ளினோம். சிலர் உள்ளேயே சிக்கிவிட்டார்கள்.

இசக்கி வாசல்படி தாண்டிவிட்டாள். வெளியே வந்துவிட்டாள். அப்போது மே. ஓடிவந்தார். அவள் கொண்டையைப் பிடித்து உள்ளே தள்ளினார். "வெறுங்கையோடயா வாறே? அந்தப் பொதிய இழுத்துட்டு வாட்டி!"

கூரை இறங்கியது. தகரம், உத்தரம், எல்லாம்.

பேச்சி முற்றத்தில் நின்றிருந்தாள். முறிந்த கைக்கு மூங்கில் கட்டு. ஒற்றைக் கையால் மூட்டை இழுக்கச் சொல்லி அவளை அங்கே போட்டிருந்தார் மே. இடது கையில் மூட்டைக் கொக்கி. ஒரு சத்தமும் போடாமல் வந்தாள். கொக்கி மே. கழுத்தில் இறங்கியது. அவர் திரும்பிப் பார்த்தார். மறுபடி இறங்கியது. பிறகு மற்றப் பெண்கள். கல், கட்டை, வெறுங்கை.

நான் தடுக்கவில்லை. மாடசாமியும் தடுக்கவில்லை. பின்னால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, கம்பி உருகும்வரை.

11, செவ்வாய்

உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். எஸ்தர் வெண்ணெய் தடவினாள். சோறு இறங்கவில்லை, எல்லாவற்றிலும் பொசுங்கல் நாற்றம்.

சாம்பலிலிருந்து இசக்கியோடு இன்னும் சிலரை எடுத்தார்கள். அடையாளம் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. பேச்சி ஒன்றைக் காட்டி, "இவதான்" என்றாள். யாரும் மறுக்கவில்லை.

14, பெரிய வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. வாய் வீக்கம் என்று சொல்லி அனுப்பினேன். எஸ்தர் போய்வந்து முக்காடு எடுக்காமலே கேட்டாள்: "மேனேஜர் செத்ததுக்கு விசாரணையாம். வேதப்புஸ்தகத்து மேல கை வைக்கச் சொல்லுவாங்களாம். நீங்க என்ன சொல்லப் போறிய?"

தெரியவில்லை. பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன்.

சாயங்காலம் புழுதிக்காற்று. முருங்கை முறிந்தது.

18, செவ்வாய்

விசாரணை. சேரன்மகாதேவியிலிருந்து மாஜிஸ்திரேட்டு. புஸ்தகத்தின் மேல் கை வைத்தேன். கொப்புளம் உடைந்து அட்டையில் ஈரம் பட்டது.

"மேனேஜரை யார் குத்தியது?"

"மேனேஜர் ஒரு பெண்ணைத் தீக்குள் தள்ளினார். அதைப் பார்த்தேன்."

"கேட்டதற்குப் பதில்."

"அதற்குப் பிறகு புகை. ஒன்றும் தெரியவில்லை."

மாடசாமியும் புகை என்றான். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து புகை என்றார்கள். எழுதி எழுதிக் குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வேப்பமரத்தடியில் பேச்சி. கும்பிடவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை.

"புது ஆலை கட்டப் போறாங்களாம். மணி மாட்ட உங்களைத்தான் கூப்பிடுவாங்க. போவியளா?"

"போவேன்."

"அப்ப முதல்ல கதவுல வெளிப்பூட்டு இல்லன்னு எங்கிட்ட காட்டுங்க. பொறவு மாட்டுங்க."

சரி என்றேன். அவள் ஆற்றுப் பக்கம் இறங்கிப் போனாள்.