யாரிடம் சொன்னால் உங்களுக்கு வந்து சேரும்?

அக்கா,

இன்று காலை பிரிண்டரிலிருந்து எடுத்த தாள் கையைச் சுட்டது. அந்தச் சூட்டு வாசத்தோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் பரிசோதனை நிலையத்துக்கு ஒரு மாலை என்னைக் கூட்டிப்போக வந்திருந்தீர்கள். யாருடையதோ இரத்த ரிப்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, பேக்கரிப் பாண் மாதிரிச் சுடச்சுட விக்கிறியள்!" என்றீர்கள். வரிசையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள்.

நாம் ஓர் அறையில் இருந்தது ஒரு வருடம்கூட இல்லை. கனடா விசாவுக்காக வவுனியாவிலிருந்து வந்து கொட்டாஞ்சேனை லொட்ஜில் தங்கியிருந்தீர்கள். ஓர் இராணுவச் சுற்றிவளைப்புக்குப் பிறகு லொட்ஜ்காரர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட, ஒரேயொரு பையோடு என் அறைக்கு வந்தீர்கள். நான் இரவல் வாங்கிவரும் நாவல்களை எனக்கு முன்பே படித்து, வேண்டுமென்றே முடிவைச் சொல்லிவிடுவீர்கள். கால் வீங்கத் தொடங்கியபோது, "விசா ஒபிசுக்கு நடந்த நடை, வேறென்ன" என்று சிரித்தீர்கள்.

முன்பே இரத்தம் சோதிக்கவில்லையா என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார். "செய்தனான் டொக்டர். அவை ஒண்டும் சொல்லேல்லை. அதால ஒண்டும் இல்லையெண்டு நினைச்சன்" என்றீர்கள்.

லொட்ஜில் இருந்தபோது கொட்டாஞ்சேனையில் நீங்கள் சோதனைக்கு இரத்தம் கொடுத்த இடத்துக்கு நான் போனேன். அவர்களிடமும் கம்பியூட்டர் இருந்தது. உங்கள் சிறுநீரகம் பழுதாகி வருவதை அது மாதக்கணக்காக அறிந்திருந்தது. லொட்ஜின் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்திருக்கிறார்கள். அப்படி ஓர் ஆள் இல்லை என்று பதில். அதோடு உங்கள் பெயருக்கு எதிரே 'முடிந்தது' என்று பதிந்துவிட்டார்கள். நான் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம், நீங்கள் உயிரோடிருந்தீர்கள்.

உங்கள் இறுதிச்சடங்கு முடிந்த கிழமையே எங்கள் மனேஜரிடம் போனேன். கவலைக்குரிய முடிவு எதுவும், நோயாளியின் காதில் விழுந்தது என்று ஒருவர் தன் பெயரைப் பதியும்வரை, திரையில் சிவப்பாகவே நிற்கவேண்டும் என்றேன்.

"அவை பொய் விலாசம் தந்தா நாங்கள் என்ன செய்யிறது, தங்கச்சி?"

"ஆமிக்குப் பயத்தில தருகினம். விலாசத்தைக் கேக்காமல் விடுவம்."

"பிறகு ஆளை எப்பிடிப் பிடிக்கிறது? மை போட்டுப் பாக்கிறதோ?"

"யாரிட்டச் சொன்னா வந்து சேருமெண்டு அவையிட்டயே கேப்பம்."

முடியாது என்றார். மறுநாளும் கேட்டேன், அதற்கடுத்த நாளும் கேட்டேன். கடைசியில் என் வாயை மூடுவதற்காகவே மென்பொருளை மாற்ற ஒப்புக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

போன வாரம் மட்டக்குளியிலிருந்து ஒரு பெண் வந்தார். விலாசம் கேட்பேனோ என்று கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் நம் கேள்வியைக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"மார்க்கெட்ல மரக்கறி விக்கிற சிங்கள அண்ணன், அந்த அய்யேகிட்ட சொல்லுங்க. அவருக்குத் தமிழ் வராது. ஆனா என்னையத் தேடி வந்திருவாரு."

முடிவு சிவப்பாக வந்தது. வியாபாரியை அழைத்து எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். நோயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அந்தப் பெண்ணை வரச்சொல்லுங்கள் என்று மட்டும். அந்தப் பெண் வரவில்லை. மறுபடி அழைத்தேன். அங்கே சுற்றிவளைப்பு, வீட்டில் ஆளில்லை, ஆனால் தேடுகிறேன் என்றார் வியாபாரி. வேலை முடிந்து எழும்பும்போது நான் கடைசியாகப் பார்த்ததும் காலையில் முதலில் பார்த்ததும் அந்தச் சிவப்பு வரியைத்தான்.

இன்று காலை அந்தப் பெண் வந்தார். வியாபாரி எனக்கென்று கொடுத்தனுப்பிய முருங்கைக்காய்க் கட்டு கையில்.

"ஏதும் பெரிசாங்க, மிஸ்?"

"மருந்து செய்யலாம். நேரத்தோட வந்திட்டீங்கள். டொக்டர் உள்ளுக்கு இருக்கிறார்."

என் பெயரைப் பதிந்தேன். சிவப்பு மறைந்தது. பிரிண்டரிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன்.

"கவனம் அக்கா, பாண் மாதிரிச் சுடும்."

பயத்துக்கு நடுவிலும் அவர் சிரித்துவிட்டார். அவர் உள்ளே போனபின் திரைக்குத் திரும்பினேன். கீழே இன்னொரு சிவப்பு வரி நின்றது. தொலைபேசியை எடுத்தேன்.