ராத்தாவின் போனில் வந்த முடிவு

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று காலை என் அக்கா ராத்தா தன் மார்புக் கட்டிப் பரிசோதனையின் முடிவைப் போனில் திறந்தார். நான் வேலை செய்யும் நிறுவனத்தில் நாங்கள் ஜாவா நிரல்மொழியில் எழுதி ஆய்வுகூடத்துக்குக் கொடுத்த இணையப் போர்ட்டல் அது.

"புற்றுநோய் எண்டு போட்டிருக்கு, தங்கச்சி."

போனை வாங்கிப் பார்த்தேன். மேலே ராத்தாவின் பெயர். முடிவு வரும் பெட்டியில் வேறொருவரின் நோயாளி இலக்கம். பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். "நோய் இல்லை" என்று வந்தது. பக்கத்தில் நின்ற எங்கள் உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்று அழுதார். நான் அந்தப் பெட்டிக்கான நிரலைத் திறந்து பார்த்தேன்.

அந்தப் பெட்டி மட்டும் பக்கம் திறந்த பிறகு பின்னணியில் சர்வரிடம் கேட்டு நிரம்பும். பலர் ஒரே நேரத்தில் திறந்தாலும், கேட்ட வரிசையிலேயே பதில்கள் திரும்பும் என்று நம்பி எழுதியிருந்தோம். பிந்திக் கேட்டவரின் பதில் இன்று முந்தி வந்து ராத்தாவிடம் போயிருக்கிறது. அப்படியென்றால் ராத்தாவின் பதில் யாரிடம் போனது?

அலுவலகத்துக்கு அழைத்துப் போர்ட்டலை நிறுத்தச் சொன்னேன். சர்வர் பதிவில் தேடியபோது, ராத்தாவின் போனில் கண்ட அந்த இலக்கம் சொறிக்கல்முனை என்ற ஊர்ப் பெண் ஒருவருடையது என்று தெரிந்தது. ஆய்வுகூட டொக்டர் அவருக்கு அழைத்தார். நானும் இணைப்பில் இருந்தேன்.

"ஓம் டொக்டர், பார்த்திட்டன். ஒண்டும் இல்லையாம். புள்ளைகளுக்கும் சொல்லிட்டன்," என்று அந்தப் பெண் சிரித்தார்.

அவர் பார்த்திருந்தது ராத்தாவின் முடிவை.

"ஹலோ டொக்டர், கேக்குதா?" என்றார் அவர்.