உளுந்து பொறுக்கிய களம்

அக்கா,

இன்று காலை உன் தையல் மிஷின் எண்ணெய்க் குப்பியைத் திறந்தேன். அந்த வாசனையில் நீயே வந்து, "ஏலே, ஒழுக விடாத" என்று அதட்டியது போலிருந்தது. செல்வியின் ஸ்கேட்டிங் ஷூ சக்கரங்களுக்கு இரண்டு சொட்டு விட்டேன். பூமியே தாய்மாமன் கை எண்ணெயில்தான் சுழல்கிறது என்பது உனக்குத் தெரியாததா.

உன் மகள் பலகைச் சரிவில் ஏறி, ஆகாயத்தில் ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவாள். அது கழுகுமலை உயரம் என்று கோவில்பட்டி முழுக்கப் பறைசாற்றியிருந்தேன். "நீ அளந்தா கடம்பூர்ப் போளி பந்திப்பாய் அகலம் இருக்கும்ல" என்று சிரித்தாய். உண்மையில் உன் மிஷின் உயரம்தான். அந்த உயரத்திலிருந்து விழுந்துதான் அவள் மணிக்கட்டு முறிந்தது. "இன்னொருக்க விழுந்தா சக்கரத்தக் கழட்டிக் கெணத்துல போட்டுருவேன். மாமனையும் சேத்து" என்று தீர்ப்பளித்தாய்.

கட்டுப் பிரித்த பிறகு முதல் தாவல், நம் சிமெண்டுக் களத்தில். காயப்போட்ட உளுந்தை முந்தின நாள்தான் வாரியிருந்தார்கள். நான் பெருக்கி முடித்து, "சக்கரவர்த்தியே மொகம் பாக்கலாம்" என்றேன். நீ வந்து நின்றாய். வேண்டாமென்று சொல்லிவிடுவாயோ என்று எங்களுக்கு நடுக்கம். நீயோ குந்தி, வெடிப்புகளில் கிடந்த உளுந்தை நகத்தால் நெம்பி நெம்பி முந்தானையில் போட்டாய்.

"இதுல ஒண்ணு போதும்ல, பிள்ளையச் சாய்க்க."

பிறகு களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாய். "நான் பாக்க மாட்டேன். சத்தத்தக் கேட்டுக்கிடுதேன்."

சக்கரங்கள் கரகரவென்று ஓடின. சத்தம் நின்றது. அந்த இடைவெளியில் கரிசலில் விதைத்துப் பருத்தியே எடுத்திருக்கலாம். மறுபடி கரகரவென்றது.

"வந்துட்டாளா?" என்றாய், திரும்பாமலே. முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்தாய்.

நீ கண்மூடிய பின் அவளுக்கு முதல் போட்டி, இன்று மதியம் திருநெல்வேலியில். பளபளக்கும் அரங்கத்தில் உளுந்து ஏது? இருந்தும் இறங்குமிடத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன். ஆயிரம் யானை பலம் கொண்ட இந்த மாமன், அவள் சரிவில் ஏறியதும் திரும்பி நின்றுகொண்டான்.

"அண்ணாச்சி, பிள்ள அங்கன தாவுது. நீங்க எங்க பாக்கீங்க?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

சத்தம் நின்றது. எதைப் பிடிப்பதென்று தெரியாமல் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு கரகரவென்றது.

"வந்துட்டா அக்கா" என்றேன், உனக்குக் கேட்கிற மாதிரி.